படத்தில் விழாத எலும்பு

எக்ஸ்ரே எடுக்கும் தொழிலைக் காரைக்குடியில் மேற்கொண்டு, தலை நரைக்கும் வரையில் அதிலேயே ஜீவனம் நடத்தியவன் என்ற முறையில், மனித சரீரத்தின் எலும்புகளைப் பற்றி இரண்டொரு வார்த்தை சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று எண்ணுகிறேன். வைத்தியர் எலும்பைத் தொட்டு அறிகிறார். சஸ்திர சிகிச்சை செய்பவர் திறந்து பார்த்து அறிகிறார். எங்களைப் போன்றவர்கள் அறிவது அதன் நிழலை மாத்திரம். ஆயினும், பிறந்து சில நாளேயான சிசு முதல் சதாபிஷேகம் கண்ட முதியவர் வரை எல்லாப் பிராயத்தாருடைய நிழல்களையும் வருஷக்கணக்கில் வெளிச்சப் பெட்டியின்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு, நிழல் காட்டுவது எது, மறைப்பது எது என்னும் விவேகம் மெல்ல மெல்ல உண்டாகிவிடுகிறது. எங்கள் படத்தில் கடினமான எலும்பு விழுகிறது. அந்த எலும்புக்கு முன்னோடியாகவும், அதன் முனைகளுக்குக் காப்பாகவும், அது ஒடிந்தால் ஒட்டுவதற்கு உபாயமாகவும் இருக்கிற குருத்தெலும்பு விழுவதில்லை. விழாத அந்தப் பொருளைப் பற்றியே எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. ஆனால் விழுகிற எலும்பிலிருந்து தொடங்குவதுதான் முறை.

ஜெர்மனியில் பௌதிக ஆசிரியராக இருந்த ராண்ட்ஜன் 1895 நவம்பரில் இந்தக் கதிரைக் கண்டுபிடித்து, அடுத்த மாதமே தம் மனைவியாரின் கையைப் படமெடுத்தார். விரல் எலும்புகளும், அவற்றில் ஒன்றின்மேல் கருத்த வளையமாக மோதிரமும் தெரிந்த அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, தம் மரணத்தையே கண்டதாக அந்த அம்மையார் சொன்னதாகக் கூறுவார்கள். சென்னைப் பெரியாஸ்பத்திரியில் 1934-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பர்னார்டு கதிரியல் நிலையம் தமிழ்நாட்டில் இந்தத் தொழிலுக்குத் தாய்வீடு. அங்கே பயின்றவர்களிடம் பயின்றவன் நான். முதல் பாடமாக அவர்கள் சொல்லிக்கொடுத்தது, படம் என்பது கால்சியத்தின் கணக்கு என்பதே. சதையும் தோலும் பெரும்பாலும் கார்பன், நைட்ரஜன், ஆக்சிஜன் என்னும் இலேசான மூலகங்களால் ஆனவை. இவற்றின் அணு எண் 6, 7, 8. எலும்பிலுள்ள பாஸ்பரஸுக்கு 15, கால்சியத்துக்கு 20. கதிரை விழுங்கும் சக்தி அணு எண்ணின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுவதால், இந்தச் சிறு வித்தியாசமே படத்தில் கறுப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசமாகிவிடுகிறது. குருத்தெலும்பு முக்கால்வாசி நீரும், மிச்சம் புரதமுமாக இருக்கிறபடியால், கதிருக்கு அதுவும் சதையும் ஒன்றுதான். தடையின்றி ஊடுருவிப் போய்விடுகிறது.

இன்று கணினித் திரையில் கண் இமைக்கும் நேரத்தில் படம் வந்துவிடுகிறது. எங்கள் காலத்தில் சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில், பிலிமைச் சட்டத்தில் மாட்டி டெவலப்பரில் தோய்த்து, அது கறுத்துவரும் வரை காத்திருக்க வேண்டும். அந்த மருந்து 20 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் இருக்க வேண்டும் என்று டப்பாவின்மேல் அச்சிட்டிருப்பார்கள். சித்திரை வைகாசியில் எங்கள் ஊர்க் குழாய்த் தண்ணீரே 30-ஐத் தாண்டிவிடும். ஐஸ் பாளம் வாங்கிவந்து தொட்டியைச் சுற்றிலும் அடுக்காவிட்டால் பிலிமின்மேல் இருக்கிற பூச்சு இளகி வழிந்துவிடும். படத்தைக் கழுவிய ஹைப்போவில் வெள்ளி கரைந்திருக்கும் என்பதால், அதை விலைக்கு வாங்கிப்போக ஆட்கள் வருவார்கள். மின்சாரத்தைப் பாய்ச்சினால் அந்த வெள்ளி தகட்டில் வந்து படியும். அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் கொடுத்து வரவழைத்து, 1953-இல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊரில், இந்த ரகசியம் வியாபாரிகளுக்குத் தெரிந்திருந்ததில் ஆச்சரியம் இல்லை.

இனி எலும்புக்கு வருவோம். படத்தில் வெள்ளையாகத் தெரிவதைப் பார்த்து, எலும்பு என்றால் சுண்ணாம்புக் கட்டி என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. செட்டிநாட்டு வீடுகளின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு உண்மையை எளிதில் விளக்கலாம். அந்தச் சுவரில் சுண்ணாம்பு மட்டுமா இருக்கிறது? முட்டை வெள்ளைக்கருவையும் கடுக்காய்ச் சாற்றையும் சேர்த்துக் குழைத்து, நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய பூச்சு அது. எலும்பும் அவ்வாறே கடினப் பொருளும் புரதமும் கூடிய கலவை. எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப்பொருள். மிச்சம் கொல்லாஜன் என்னும் நார்ப்புரதமும் நீரும். கோழிக்கால் எலும்பு ஒன்றைக் காடியில் சில நாள் ஊறப்போட்டால், தாது கரைந்துபோய், எலும்பு தன் உருவம் மாறாமலே வளைந்து கொடுக்கிற பண்டமாகிவிடும். இன்னோர் எலும்பை நெருப்பிலிட்டால் நார் எரிந்துபோய், உருவம் அப்படியே இருக்க, தொட்ட மாத்திரத்தில் பொடியாகும். அமுக்கத்தைத் தாங்குவது தாது. வளைவையும் இழுப்பையும் தாங்குவது நார். சிறுபிள்ளைகளின் எலும்பு ஒரு பக்கம் பிளந்து மறுபக்கம் வளைந்து நிற்பதையும், முதியவர்களின் எலும்பு படீரென்று முறிவதையும் படத்தில் பார்க்கிறபோதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு ஞாபகம் வரும்.

ஆனால் பூச்சுக்கும் எலும்புக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. பூசிய சுவர் நூறு வருஷமானாலும் அதே சுவர்தான். எலும்போ ஓயாமல் தன்னை இடித்து இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. 1691-இல் கிளாப்டன் ஹேவர்ஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியர் எழுதிய நூலால், எலும்பின் உள்ளே இரத்தக்குழல் ஓடுகிற நுண்ணிய கால்வாய்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. அந்தக் கால்வாய்களைச் சுற்றி வட்டம் வட்டமாக எலும்பு படிந்திருக்கிறது. பழைய எலும்பைக் கரைக்கிற உயிரணுக்கள் ஒரு வர்க்கம், புதிதாக இடுகிற உயிரணுக்கள் வேறு வர்க்கம். இரண்டும் சேர்ந்து வருஷத்துக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எலும்பைப் புதுப்பிக்கின்றன. சரீரத்தின் கால்சியத்தில் 99 சதவிகிதம், அதாவது சுமார் ஒரு கிலோ, எலும்பில்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. இருதயம் துடிப்பதற்கும் நரம்பு வேலை செய்வதற்கும் இரத்தத்தில் கால்சியம் குறைந்தால், உடல் எலும்பைக் கரைத்துத்தான் எடுத்துக்கொள்ளும். தாங்குவது, காப்பது, சேமிப்பது ஆகிய மூன்றோடு, மஜ்ஜையில் இரத்த அணுக்களைப் பிறப்பிக்கிற காரியமும் எலும்பினுடையதே. வயது வந்தவனுக்கு எலும்புகள் 206 என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்கிறோம். அந்த 206-இல் ஒவ்வொன்றும் இரத்தம் ஓடுகிற ஜீவ அவயவம் என்பதை மனப்பாடம் செய்விப்பார் இல்லை.

தொடையெலும்பின் மேல்முனைப் படத்தை நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள், அதன் உட்புறத்தில் மெல்லிய கோடுகள் வரிசை வரிசையாக வளைந்து செல்வதைக் காணலாம். அவை ஏனோதானோ என்று ஓடுகிற கோடுகள் அல்ல. உடலின் பாரம் எந்த வழியாக இறங்குகிறதோ, அந்த வழியிலேயே எலும்பு தன்னை அடர்த்தியாக்கிக்கொள்கிறது. ஜெர்மானிய வைத்தியர் வோல்ஃப் 1892-இல் இதை ஒரு நியமமாக வகுத்து எழுதினார். மூப்பு ஏற ஏற, முக்கியம் குறைந்த கோடுகள் முதலிலும் முக்கியமானவை கடைசியிலுமாக ஒவ்வொரு வரிசையாய் மறையும். இந்த மறைவை ஆறு படிகளாகப் பிரித்து, சாதாரண எக்ஸ்ரே படத்தைக் கொண்டே எலும்புச் சிதைவை மதிப்பிடும் முறையை 1970-இல் உலகத்துக்கு அளித்தவர்கள் நம் நாட்டு மருத்துவர்கள். அவர்களுள் முதல்வரான சிங் என்பவரின் பெயரால் அது இன்றும் வழங்குகிறது. விலையுயர்ந்த கருவி ஒன்றும் தேவையில்லாத, பார்க்கத் தெரிந்த கண் ஒன்றே போதுமான முறை என்பதால் எனக்கு அதன்மேல் தனி மதிப்பு. சாதாரணப் படத்தில் வெளுப்புக் குறைந்து தெரிய வேண்டுமானால் எலும்பில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயிருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவது நியாயம்.

செட்டிநாட்டின் பெரிய வீடுகளில் தனியாக வசிக்கிற ஆச்சிமார் பலர் இந்தக் கோடுகளை இழந்த பிறகே எங்களிடம் வருவார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். மழைத் தண்ணீர் தேங்கிய முற்றத்தில், பளபளவென்ற ஆத்தங்குடிக் கல் தரையில், உயரமான நிலைப்படியில் கால் இடறியிருக்கும். தள்ளுவண்டியில் கொண்டுவந்து கிடத்தியதும், படம் எடுப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும்: ஒரு கால் மற்றதைவிடச் சற்றுக் குட்டையாயிருக்கும், பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும்.

“தம்பி, சும்மா வழுக்கித்தான் உக்காந்தேன். விழக்கூட இல்லை. இதுக்குப் போயா எலும்பு ஒடியும்?” என்று ஓர் ஆச்சி என்னைக் கேட்டார்.

“ஆச்சி, நீங்க காலைத் திருப்பாதீங்க. நான் பொட்டியைத் திருப்பிக்கிறேன்” என்றேன்.

அப்படித்தான் செய்ய வேண்டும். ஒடிந்திருக்கிற இடுப்பைப் புரட்டிப் பக்கவாட்டுப் படம் எடுக்க முயல்வது நோயாளிக்குச் சித்திரவதை. நல்ல காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கதிர்க் குழலைக் கிடையாகத் திருப்பி, இரு கால்களுக்கும் இடையே செலுத்துவதே தொழில் தெரிந்தவன் செய்வது. தொடையெலும்பின் கழுத்து ஒடிந்தால் அதன் தலைக்குச் செல்லும் இரத்தம் நின்றுபோகக்கூடும் என்பதாலேயே அந்த முறிவு மற்ற முறிவுகளைவிடப் பொல்லாதது. அந்த ஆச்சி விழுந்ததனால் எலும்பு ஒடிந்தது என்பதைவிட, எலும்பு நெடுநாளாகவே ஒடியக் காத்திருந்தது என்பதுதான் பொருத்தம். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பைக் கரைக்கிற அணுக்களின் வேலை மிஞ்சிவிடுகிறது. அதைத் தடுக்க இன்று மருந்துகள் உண்டு. முதல் முறிவுக்கு முன்னரே கேட்டு வருகிறவர்கள்தாம் இல்லை.

குழந்தைகளின் படம் வேறோர் உலகம். இங்கேதான் குருத்தெலும்பு, தான் விழாமலே, தன் இருப்பைத் தெரிவிக்கிறது. கர்ப்பத்தில் எலும்புக்கூடு முதலில் குருத்தெலும்பாகவே உருவாகிறது. ஏழெட்டு வாரத்தில் தொடங்கி அதன் நடுநடுவே கால்சியம் படிந்து எலும்பாக மாறிக்கொண்டு வருகிறது. கழுத்தடியில் உள்ள காறையெலும்பின் நடுப்பகுதியும் மண்டையோட்டின் மேற்பகுதியும் இந்த வழியைப் பின்பற்றாமல், குருத்தின் நிலையைத் தாண்டி நேரே எலும்பாகின்றன. எல்லா எலும்புக்கும் முந்தி எலும்பாகத் தொடங்குகிற இந்தக் காறையெலும்பு, தன் உள்முனையில் ஒட்டி முடிவதோ எல்லாவற்றுக்கும் பிந்தி, 25 வயதை ஒட்டி! முழங்காற்சில்லு பெரும்பாலும் மூன்று வயதுக்கு முன் எலும்பாவதில்லை. கைக்குழந்தையின் முழங்காலைப் படமெடுத்தால் சில்லு இருக்கிற இடம் வெறுமையாகத் தெரியும். சில்லு இல்லாமல் பிறந்துவிட்டதோ என்று கதிகலங்கிய தகப்பனாரிடம், குழந்தையின் முழங்காலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். விரலுக்கு அகப்பட்டது கதிருக்கு அகப்படவில்லை என்று கண்டு அவர் சிரித்துவிட்டார்.

இதைவிட அடிக்கடி நேர்கிற கலவரம் ஒன்றுண்டு. வளருகிற பிள்ளைகளின் நீண்ட எலும்புகளில், முனைக்கும் தண்டுக்கும் நடுவே வளர்தட்டு என்கிற குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கேதான். படத்தில் அது கறுப்புக் கோடாகத் தெரியும். மரத்திலிருந்து விழுந்த பையனைக் கூட்டிவந்தவர்கள், படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, “துண்டாப் போயிருச்சே, தம்பி!” என்று கண்ணீர் விடுவார்கள். அதனால்தான் சிறுவர்களுக்கு அடிபட்ட கையோடு அடிபடாத கையையும் படமெடுத்துப் பக்கத்தில் வைப்பது எங்கள் வழக்கம். நல்ல கையிலும் அதே கோடு இருப்பதைப் பார்த்துவிட்டால் பாதி நோய் அங்கேயே தீர்ந்துவிடும். மறுபாதியை அலட்சியம் செய்யக்கூடாது. வளர்தட்டிலேயே அடிபட்டிருந்தால், இன்று ஒன்றும் தெரியாமலிருந்து, இரண்டு வருஷம் கழித்து ஒரு கால் குட்டையாகவோ கோணலாகவோ வளரும். சின்னப் பிள்ளைக்குச் சுளுக்கு என்று எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதை நான் ஒருபோதும் அங்கீகரித்ததில்லை. அந்தப் பிராயத்தில் தசைநாரைவிட வளர்தட்டே நொய்மையானது. சுளுக்குகிற விசைக்கு அதுதான் முந்தி இடம்கொடுக்கும்.

இந்த வளர்தட்டுகள் மூடுகிற கிரமத்தை வைத்தே வயதை நிர்ணயிக்கும் வேலையும் எங்கள் அறைக்கு வந்து சேரும். வீட்டை விட்டுப் போய்த் திருமணம் செய்துகொண்ட பெண்ணைக் காவல் துறையார் அழைத்து வருவார்கள். பெற்றோர் ஒரு பக்கம், பையன் வீட்டார் ஒரு பக்கம் வராந்தாவில் முறைத்துக்கொண்டு நிற்பார்கள். 1978-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தம் பெண்ணின் விவாக வயதை 18 ஆக்கியதிலிருந்து, ஜனன சான்றிதழ் இல்லாத குடும்பங்களுக்கு மணிக்கட்டும் முழங்கையும் இடுப்பெலும்பும்தாம் சாட்சி. மணிக்கட்டின் எட்டுச் சிற்றெலும்புகளில் இரண்டு, பிறந்த முதல் சில மாதங்களில் தலைகாட்டும். கடைசியான பட்டாணியெலும்பு 9 வயதுக்கு மேல்தான். முழங்கை முன்னாலும் மணிக்கட்டு பின்னாலுமாக முனைகள் ஒட்டிக்கொள்ளும். இவற்றை ஒப்பிட்டுப் பார்க்க உலகெங்கும் பயன்படுகிற படத்தொகுதி, கிரூலிக், பைல் என்னும் இருவர் அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்துக் குழந்தைகளைக் கொண்டு தயாரித்தது. நன்றாக உண்டு வளர்ந்த அந்தக் குழந்தைகளின் கையைக் கொண்டு, நம் மானாவாரிக் கிராமங்களின் பெண்பிள்ளைகளை அளப்பது எப்படி முழு நியாயமாகும்? இருபுறமும் இரண்டு வருஷம் வித்தியாசப்படலாம் என்று உச்ச நீதிமன்றமே 1982-இல் ஜெயமாலா வழக்கில் குறிப்பிட்டிருக்கிறது. நாங்கள் படம் எடுத்துக் கொடுத்ததோடு சரி. அபிப்பிராயம் எழுதுவது மருத்துவர். ஆனாலும் அந்த வராந்தாவில் நிற்கிறவர்கள் எங்கள் முகத்தையே பார்ப்பார்கள்.

பொங்கலை ஒட்டிய நாட்களில் வேறு விதமான கூட்டம். சிராவயல் மஞ்சுவிரட்டு இந்தச் சீமையில் பிரசித்தமானது. வாடிவாசல் ஒன்றே கதி என்றில்லாமல், பொட்டலெங்கும் மாடுகள் அவிழ்த்துவிடப்படுவதால், பிடிக்க வந்தவன் மட்டுமன்றி வேடிக்கை பார்க்க வந்தவனும் குத்துப்படுவான். விலாவில் முட்டுப்பட்டு, மூச்சு விட முடியாமல் வருகிற இளைஞர்களின் படத்தில் சில சமயம் ஒரு முறிவும் இருக்காது. “ஒண்ணும் இல்லைன்னு படம் சொல்லுது, எனக்கு உசுரு போகுதே அண்ணே!” என்று அவர்கள் அலறுவதில் பொய் இல்லை. விலா எலும்புகள் மார்பெலும்பை நேரடியாக எட்டுவதில்லை; முன்பக்கத்தில் விரலளவு நீளத்துக்குக் குருத்தெலும்பாகவே நின்று, மூச்சுக்கு இசைய நெகிழ்ந்து கொடுக்கின்றன. கொம்பு பட்டது அங்கேயானால் படம் என்ன சொல்லும்? வயதானவர்களுக்கு இந்த விலாக் குருத்தில் கால்சியம் படிந்து, விழாத பொருள் விழத் தொடங்கும். அதிலும் ஆண்களுக்கு ஓரங்களிலும் பெண்களுக்கு நடுவிலுமாகப் படிவது பெரும்பான்மை. பெயர்ச் சீட்டு மாறிப்போன மார்புப் படம் ஆணுடையதா பெண்ணுடையதா என்று சந்தேகம் வந்தால், அனுபவசாலிகள் இதைப் பார்த்துச் சொல்வதுண்டு.

நாட்டு வைத்தியர்களின் கட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க இயலாது. புத்தூர்க் கட்டுக்காக ஆந்திர தேசம் வரை போய்வருகிறவர்கள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. கிராமங்களிலும் உளுந்து மாவையும் முட்டை வெள்ளையையும் துணியில் தடவி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிறவர்கள் உண்டு. கட்டோடு படமெடுத்தால் எலும்பின்மேல் மூங்கிலின் மங்கலான கோடுகள் தெரியும். காறையெலும்பு, விரல், சிறுவர்களின் முன்கை ஆகிய இடங்களில் அவர்கள் கட்டியவை நேராக ஒட்டியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அதை மறைத்துப் பேசுவது சத்தியம் ஆகாது. இங்கிலாந்தில் நவீன எலும்பு வைத்தியத்துக்கு அடிகோலியவர்களுள் ஒருவரான ஹ்யூ ஓவன் தாமஸ், பரம்பரை பரம்பரையாக எலும்பு கட்டிவந்த குடும்பத்தில் பிறந்தவர்தாம். ஆனால் முழங்கைக்கு மேலே ஒடிந்த பிள்ளைக்கு இறுக்கிக் கட்டுகிற கட்டைக் கண்டால் எனக்கு நடுக்கம் உண்டாகும். இரத்தம் தடைப்பட்டுச் சதை செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போவதை வோல்க்மன் என்னும் வைத்தியர் 1881-இலேயே விவரித்திருக்கிறார். கட்டிய பின் விரல் நுனி வீங்கினாலோ, குளிர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, விரலை நீட்டும்போது பொறுக்க முடியாத வலி எடுத்தாலோ, யார் கட்டிய கட்டானாலும் அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவர வேண்டும்.

எலும்பு ஒட்டுவதிலும் விழாத பொருளின் கைவேலை இருக்கிறது. ஒடிந்த இடத்தில் முதலில் இரத்தம் உறைகிறது. அடுத்து நாரும் குருத்தெலும்பும் கலந்த மெத்தென்ற ஒட்டுத்திரள் உண்டாகிறது. கர்ப்பத்தில் நடந்தது போலவே அந்தக் குருத்து பிறகு எலும்பாக மாறுகிறது. ஆகவே இரண்டாவது வாரத்தில் எடுக்கிற படத்தில் ஒட்டியதற்கு அடையாளமே இராது. முறிந்த முனைகள் சற்றுக் கரைவதனால் கோடு முன்னிலும் அகலமாகவே தோன்றும். “கட்டுப் போட்ட பொறகு விரிசல் பெருசாயிருக்கே!” என்று மருத்துவரிடம் சண்டைக்குப் போனவர்களை நான் சமாதானம் செய்திருக்கிறேன். மணிக்கட்டின் படகெலும்பு முறிவோ முதல் நாள் படத்தில் ஒளிந்துகொண்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்துத்தான் வெளிப்படும்; கையூன்றி விழுந்தவரைச் சந்தேகத்தின் பேரில் கட்டுப்போட்டு அனுப்பி மறுபடம் எடுக்கச் சொல்வது பணம் பறிக்கும் தந்திரம் அல்ல. பிரண்டைத் துவையல் சாப்பிட்டால் எலும்பு சீக்கிரம் ஒட்டுமா என்று கேட்பார்கள். காசி இந்து சர்வகலாசாலையில் உடுப்பா, பிரசாத் என்னும் மருத்துவர்கள் 1960-களில் பிரண்டையைப் பிராணிகளுக்குக் கொடுத்துப் பரிசோதித்து, முறிவு விரைந்து கூடுவதாக எழுதினார்கள். துவையலைத் தாராளமாகச் சாப்பிடலாம். மாவுக்கட்டைப் பிரிக்கும் தேதியை அதற்காக முன்தள்ளக் கூடாது.

இப்படி எலும்பைப் பிறப்பித்தும் ஒட்டவைத்தும் உதவுகிற குருத்தெலும்புக்குத் தன்னை ஒட்டிக்கொள்ளும் சக்தி இல்லை என்பது சிருஷ்டியின் விசித்திரங்களில் ஒன்று. அதற்குள் இரத்தக்குழல் இல்லை, நரம்பும் இல்லை. அதில் மூன்று ஜாதி உண்டு. காதுமடலில் இருப்பது வளைத்தாலும் நிமிர்கிற ஒரு ஜாதி. முதுகின் முள்ளெலும்புகளுக்கு இடையே 23 வட்டத் தட்டுகளாக இருந்து, பகலெல்லாம் அமுங்கி இரவில் நீர் ஏறி, காலையில் நம்மை ஒரு சென்டிமீட்டராவது உயரமாக்கி எழுப்புவது நார் மிகுந்த மற்றொரு ஜாதி. மூட்டுகளின் எலும்பு முனைகளில் பளிங்கு நிறமாகப் போர்த்தியிருப்பது மூன்றாவது ஜாதி. முழங்காலில் இந்தப் போர்வையின் கனம் சில மில்லிமீட்டர்தான். நடக்கும்போது உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் அதன்மேல் இறங்குகிறது; ஆயினும் உராய்வு பனிக்கட்டியின்மேல் பனிக்கட்டி நகர்வதைக் காட்டிலும் குறைவு. பாரம் இறங்குகையில் உள்ளிருந்து நீர் கசிந்து, பாரம் நீங்குகையில் மூட்டு நீரை உறிஞ்சிக்கொண்டு, அந்த நீரோட்டத்தாலேயே தன் ஆகாரத்தையும் பெற்றுக்கொள்கிறது. ஆகவே மூட்டை அசைக்காமல் பூட்டி வைப்பது அதைப் பட்டினி போடுவதாகும். அழிந்த குருத்து மீள்வதில்லை என்று வில்லியம் ஹண்டர் 1743-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கூறினார்; அதற்குப் பின் எத்தனையோ புதுமைகள் வந்தும், அவர் வார்த்தையை முழுதும் பொய்யாக்குகிற சிகிச்சை இன்னும் வரவில்லை. நரம்பு இல்லாதபடியால் அது தேயும்போது வலிப்பதில்லை. சுற்றியிருக்கிற சவ்வும் கீழே இருக்கிற எலும்பும் பாதிக்கப்பட்ட பிறகே வலி தெரிகிறது. அதற்குள் காரியம் மிஞ்சியிருக்கும்.

முழங்கால் படத்தில் தொடையெலும்புக்கும் கணைக்காலெலும்புக்கும் நடுவே கறுப்பாக ஓர் இடைவெளி தெரியும். அங்கே ஒன்றும் இல்லை என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். அங்கே இருப்பதுதான் எல்லாம். குருத்தின் கனத்தை அந்த இடைவெளியின் அகலத்தைக் கொண்டு ஊகிக்கிறோம். எலும்பு தேய்ந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு கால்சியம் மாத்திரையைத் தின்கிற ஜனங்களுக்கு, தேய்ந்தது எலும்பல்ல என்று எத்தனை தடவை சொன்னாலும் நம்பிக்கை வருவதில்லை. எலும்போ அந்த நிலையில் ஓரங்களில் முள்முள்ளாக வளர்ந்து மிகுதிப்பட்டிருக்கும். ஆட்டுக்கால் சூப்பு குடித்தால் மூட்டு ஊறும் என்பதும் அப்படியே. சூப்பில் இறங்குகிற கொல்லாஜன் வயிற்றில் ஜீரணமாகி மற்றப் புரதங்களோடு புரதமாகிவிடும். முழங்காலுக்கு விலாசம் எழுதிய தபால் அல்ல அது. ருசிக்காகக் குடிக்கிறவர்களை நான் தடுக்கவில்லை, நானும் குடிக்கிறவன்தான்.

இங்கே தொழில் நுட்பம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேஜைமேல் படுத்திருக்கிறவரின் முழங்காலில் பாரம் இல்லாததால், குருத்துப் பெரிதும் போன பிறகும் எலும்புகள் விலகியே இருந்து, படம் நன்றாயிருப்பதுபோல் பொய் சொல்லும். அவரையே நிற்கவைத்து எடுத்தால் இடைவெளி ஒரு பக்கமாகச் சரிந்து, எலும்பு எலும்பைத் தொட்டுக்கொண்டிருப்பது வெளிப்படும். நெரிசல் நாட்களில் நோயாளியை நிறுத்தி, கேசட்டைச் சரியான உயரத்தில் தாங்கி, இரு காலிலும் சமமாகப் பாரம் ஊன்றச் சொல்லி எடுப்பதற்குப் பொறுமை வேண்டும். படுக்கவைத்து எடுத்து அனுப்புவது சுலபம். படிக்கட்டு இறங்க முடியாமல் தவித்த வைரவன் கோயில் பக்கத்து ஆசாரி ஒருவர், படுத்து எடுத்த படங்களைக் கட்டுக்கட்டாக வைத்துக்கொண்டு, தமக்கு ஒன்றுமில்லை என்றே எல்லாரும் சொல்வதாகவும், வலிக்கிறது என்றால் வீட்டிலேயே நம்புவாரில்லை என்றும் வருந்தினார். நிற்கவைத்து எடுத்த ஒரே படம் அவருடைய வார்த்தைக்குச் சாட்சி சொல்லிற்று.

இன்று காந்த அலையைக் கொண்டு எடுக்கிற எம்.ஆர்.ஐ. படத்தில் நீரே ஒளிவிடுவதால், எங்களுக்கு விழாத குருத்தும் சவ்வும் தட்டும் அதில் விழுகின்றன. நல்ல விருத்திதான், ஆனால் முழங்கால் வலி என்றதும் அதற்கே ஓடுவது அவசியமற்ற செலவு. ஐம்பது வயதைக் கடந்தவர்களின் மூட்டுத் தேய்வைத் தெரிந்துகொள்ள, முறையாக நிற்கவைத்து எடுத்த சாதாரணப் படமும், தொட்டுப் பார்க்கிற மருத்துவரின் கையும் பெரும்பாலும் போதும் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். ஆகவே வாசகர்களைக் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: முழங்காலுக்குப் படம் எடுக்கப் போனால், நிற்க முடிகிறவரை நின்றபடியே எடுக்குமாறு கேளுங்கள், அவசரம் என்று மறுத்தால் காத்திருப்பதாகச் சொல்லுங்கள், பழைய படங்களைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாமல், புதுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.